தோள்மேல் கைபோட்ட படம்

புவேப்லா நகரத்தில் இறந்தவர்கள் நவம்பர் முதல் தேதி நண்பகலில் வருவார்கள். மறுநாள் நண்பகலில் திரும்பிவிடுவார்கள். அவர்களுக்கு வழி தெரிவதற்காக வாசலிலிருந்து படையல் மேசைவரை செண்டுமல்லி இதழ்களைத் தூவிவைக்க வேண்டும். மேசையில் படம் இருந்தால் போதும், எந்த நாட்டு ஆளானாலும் வந்துவிடலாம். மெக்சிகோக்காரர்கள் இதில் பேதம் பார்ப்பதில்லை.

மதுரையிலிருந்து போய் அங்கே ஒரு கார் தொழிற்சாலையில் வேலை பார்த்துவந்த வீரபத்திரனுக்கு இது பெரிய ஆறுதல். அவனை வளர்த்த அக்கா சுந்தரவல்லி ஆவணியில் செத்துப்போனாள். "தீபாவளிக்கு வர்றேன்க்கா" என்று மூன்று தீபாவளிகளாகச் சொல்லிக்கொண்டிருந்தவன், கடைசியில் அவளை எடுத்துப்போனதைக் கைப்பேசியில்தான் பார்த்தான். தெருமுக்குத் திரும்பும்போது சிக்னல் போய்விட்டது. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று துடித்தான்.

அவனிடம் அக்காவின் படம் ஒன்றே ஒன்று இருந்தது. சித்திரைப் பொருட்காட்சியில் அட்டை விமானத்துக்குள் உட்கார்ந்து எடுத்தது. பக்கத்தில் பத்து வயது வீரபத்திரன். அவன் தோள்மேல் அக்காவின் வலது கை. தன்னை வெட்டினால் அந்தக் கையும் போய்விடுமே என்று முழுப் படத்தையும் மேசையில் வைத்தான்.

உயிரோடு இருப்பவர் படத்தைப் படையலில் வைக்கக் கூடாது என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். இவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டான், அது வேறு விஷயம். ஆகவே முதல் தேதி நண்பகலில் வீரபத்திரனும் இறந்தவனானான்.

வலி ஒன்றும் இல்லை. அவன் மிதித்தால் இதழ்கள் நசுங்கவில்லை, அவ்வளவுதான். ரொட்டி கொண்டுவந்த வீட்டுச் சொந்தக்காரி தோன்யா எல்விரா படத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், கூடுதலாக ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்தாள். "நாளை இறந்தவர்களோடுதானே கிளம்புகிறாய்?" என்று மட்டும் கேட்டாள். தொழிற்சாலை மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, அவனைப் பற்றி அவனிடமே அனுதாபம் தெரிவித்தார்.

அக்கா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பூவை மிதிக்காமல் ஓரமாகவே நடந்து வந்தாள்.

"இம்புட்டுப் பூவயும் தரையில கொட்டி வச்சிருக்கியே, யாருடா கூட்டுறது?" என்றாள். பிறகுதான் அவனைச் சரியாகப் பார்த்தாள். "நீ எங்கடா இங்கிட்டு?"

"படத்துல நானும் இருக்கேன்ல."

"கூறுகெட்டவனே."

காய்ந்த இறாலில் குழம்பு வைத்திருந்தான். இறந்தவர்களுக்கு மணம் மட்டும்தான். இருவரும் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து மோந்தார்கள். "புளி பத்தல" என்று சொல்லிவிட்டு அக்கா இரண்டாம் தடவையும் மோந்தாள். பொருட்காட்சியில் மிளகாய்ப்பொடி தூவிக் கொடுத்த பெரிய அப்பளத்தைப் பற்றிப் பேசினார்கள். ஆளுக்குப் பாதி என்று வாங்கி, அவன் முக்கால்வாசியைத் தின்றது அவளுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது.

"மன்னிச்சிரு, அக்கா. கடைசியா மொகம் பாக்க வரல."

"நீ வந்திருந்தா மட்டும் எந்திரிச்சா உக்காந்திருக்கப் போறேன்? விடுறா."

அவனுக்கு அழுகை வந்தது. அழுது தீர்த்தான்.

மறுநாள் காலையில் இரண்டு சட்டைகளைப் பையில் மடித்து வைத்தான். படத்தில் இருப்பவர்கள் நண்பகலில் போய்த்தான் ஆக வேண்டும். அவனுக்கு அதில் வருத்தம் இல்லை. உண்மையைச் சொன்னால், அக்காவோடு போக ஆசையாகவே இருந்தது. அக்கா பையைப் பார்த்தாள், வெளியே போய் தோன்யா எல்விராவிடம் இரண்டு விரல்களை வெட்டுவது மாதிரி ஆட்டிக் காட்டினாள். எல்விரா கத்தரிக்கோலோடு வந்தாள்.

"கை போயிரும்க்கா!"

"போகட்டும். அங்க எனக்கென்ன, மாவாட்டுற வேலையா கெடக்கு? நீ வச்சுக்க."

தோன்யா எல்விரா படத்தைக் கோணாமல் வெட்டி, அவன் பாதியை மேசையிலிருந்து எடுத்தாள். அக்கா இடது கையில் செருப்பை எடுத்துக்கொண்டு ஓரமாக நடந்து போனாள். அவள் தெருமுக்குத் திரும்பும்வரை வீரபத்திரன் வாசலில் நின்றான். காலடியில் இதழ்கள் நசுங்கின. தோளில் கை கனமாக இருந்தது. திங்கட்கிழமை அந்தக் கையோடுதான் வேலைக்குப் போனான்; மேலாளர் அதற்கும் ஒரு கையுறை கொடுத்தார்.

அடுத்த அமாவாசைக் காலையில் மதுரையிலிருந்து அக்காவின் கணவர் ராக்கப்பன் கூப்பிட்டார். இவனுக்கு இன்னும் முந்தின நாள் சாயங்காலம்.

"மாப்ள, சோறு வச்சேன். காக்கா வந்துச்சு. வலது பக்கம் றெக்க இல்ல. நடந்தே வந்து தின்னுட்டு, நடந்தே கெளம்பிருச்சு."

"இப்ப எங்க மச்சான் இருக்கு?"

"வாசல்ல நிக்கிது."

"பஸ்ஸு வர்ற ரோடு. தாண்டி விட்டுட்டு வாங்க."

"சரி மாப்ள" என்றார் ராக்கப்பன்.