குணத்துக்கு ஒரு கட்டம்

பையன்களுக்கு மார்க் போடுவதுதான் என் பிழைப்பு. டெக்ஸஸின் வடக்குப் பக்கம் ஒரு சின்ன இரண்டாண்டுக் காலேஜில் பேஸ்பால் உதவிக் கோச் நான். கோடை முழுக்க மைதானம் மைதானமாக அலைந்து, பள்ளிக்கூடப் பையன்களில் எவனைக் காலேஜுக்கு எடுக்கலாம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கையில் ஒரு ஸ்டாப்வாட்ச், மடியில் ஒரு தாள். ஓட்டம், அடி, எறி எல்லாவற்றுக்கும் தாளில் ஒரு கட்டம் உண்டு. கடைசிக் கட்டம் குணம். அதை அளக்க வாட்ச் கிடையாது. ஆனால் எவனையும் அரை நிமிஷத்தில் எடை போட்டுவிடுவேன் என்று இருபது வருஷமாகப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

போன ஜூனில் சான் அன்டோனியோவில் மூன்று நாள் போட்டி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எலியாஸ் காண்டுவைப் பார்த்தேன். அவன் கேட்சர், மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்து பிடிக்கிறவன். எதிரணிக்காரன் ஒருவன் இரண்டாவது பேஸைத் திருட, அதாவது பந்து வந்து சேர்வதற்குள் அந்த இடத்தைப் பிடிக்க, ஓடினான். பந்து எலியாஸின் கையுறையில் விழுந்த சத்தத்தில் வாட்சை அழுத்தினேன். அவன் எழுந்து எறிந்து, அது இரண்டாவது பேஸில் நின்றவன் கையுறையில் விழுந்ததும் நிறுத்தினேன். ஒன்று புள்ளி ஒன்பது இரண்டு விநாடி. எங்கள் காலேஜ் கேட்சருக்கே இரண்டுக்குக் குறைந்து ஒருநாளும் வந்ததில்லை.

பக்கத்து நாற்காலியில் இருந்த ப்ரூயெட் வேறு காலேஜ்காரன். என் வாட்சை எட்டிப் பார்த்தான்.

"உன் வாட்ச் ரிப்பேராய்யா?"

"உன் கண்ணுதான் ரிப்பேர். இவன் எனக்கு. நீ கைய வெக்காத."

ஆட்டம் முடிந்ததும் பையனைக் கூப்பிட்டேன். ஒல்லி, முழங்கால் எல்லாம் புழுதி.

"நாளைக்கும் இதே மாதிரி எறி. உன் ஃபீஸ காலேஜ் பாத்துக்கும். என்ன சொல்றே?"

அவன் முகம் பூரித்துவிட்டது. "நிஜமாவா சார்? நாளைக்கு எங்கம்மா வர்றாங்க சார். ரொம்ப நாள் கழிச்சு வர்றாங்க."

ஏன் ரொம்ப நாள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அம்மா வந்தால் என்ன, வராவிட்டால் என்ன.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்துக்கு முன்பே போய்க் கார்கள் நிற்கும் இடத்தில் நின்றுகொள்வோம். பையன் காரிலிருந்து எப்படி இறங்குகிறான், பெற்றவர்களிடம் எப்படிப் பேசுகிறான், தன் பையைத் தானே தூக்குகிறானா என்று பார்ப்போம். பையை அம்மா தலையில் கட்டுகிறவன் உருப்பட மாட்டான் என்பது எங்கள் எல்லோருக்கும் வேதவாக்கு.

சனிக்கிழமை காலை எலியாஸ் கைவீசிக்கொண்டு வந்தான். இரண்டடி பின்னால் அவன் அம்மா. கேட்சர் பை என்றால் சும்மா இல்லை, கவசம், தலைக்கவசம், கால்பட்டை எல்லாம் சேர்ந்து சாக்கு மூட்டை கனம். அந்த அம்மாள் அதைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க நடந்து வந்தாள். பையன் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தடிமாடு, சிரிப்பு வேறு! அவர்கள் என்னைத் தாண்டிப் போனதும் பின்னாலிருந்து ஒரு படம் எடுத்தேன். முகம் தெரியவில்லை. சட்டையில் அணியின் பெயரும் இருபத்தாறு என்ற எண்ணும் நன்றாகத் தெரிந்தன. அங்கேயே நின்று அதற்கு மேலே சில வரிகள் எழுதி இணையத்தில் போட்டேன், என் பெயரிலேயே. குணக் கட்டத்தில் ஒரு கோடு கிழித்தேன்.

ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் கோச்சுகள் வரிசை முழுக்கப் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. "அம்மாவக் கூலியாக்குனவன் வந்துட்டான்டா," என்றான் ப்ரூயெட். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். அன்றைக்கும் அவன் பிரமாதமாக எறிந்தான். நான் வாட்சை எடுக்கவே இல்லை. முடிந்ததும் ஓடி வந்து எதிரே நின்றான்.

"லிஸ்ட் நிறைஞ்சுபோச்சு தம்பி," என்றேன், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

மூன்று வாரம் கழித்து அவனுடைய பள்ளிக் கோச் ட்ரெவீனோ போன் செய்தார். வணக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை.

"யோவ், உனக்கு வெக்கமா இல்ல? அந்தம்மாவுக்கு மார்ல புத்துநோய்யா. ஆபரேஷன் பண்ணி அக்குள் வரைக்கும் எடுத்துட்டாங்க. கை வீங்கி, பதினாலு மாசம் ஒரு தட்டுகூடத் தூக்கக் கூடாதுன்னுட்டாங்க. அந்த வாரந்தான் டாக்டர் இனிமே எதை வேணா தூக்கலாம்னாரு. மொதல்ல எம்புள்ள பையத்தான் தூக்குவேன்னு அடம் பிடிச்சாங்க. அவன் விட்டான். அதப் போயி ஊர் சிரிக்க வெச்சிருக்கியே, நீ மனுசனா?"

அவர் அதோடு நிறுத்தவில்லை.

"நாலு காலேஜ் பேசிட்டிருந்தாங்க, நாலும் கைய விரிச்சுட்டாங்க. என்னாலதான் எல்லாம் போச்சுன்னு அந்தம்மா இப்ப மேட்சுக்கே வர்றதில்ல."

போன் வைத்ததும் நான் செய்த முதல் காரியம் அந்தப் படத்தை அழித்தது. மன்னிப்புக் கேட்பது அல்ல, அழிப்பது. இதை எழுதும்போதே என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பிறகு எங்கள் தலைமைக் கோச்சிடம் போனேன். "அந்த மூட்டைப் பையனா? நீதான வேணாம்னே?" என்றார். தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று சொல்லிக் கெஞ்சினேன், சண்டை போட்டேன். இரண்டு நாளில் பாதி ஃபீஸ் கட்டினால் போதும் என்று கடிதம் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு எலியாஸின் ஊரான கிங்ஸ்வில்லுக்கு ஏழு மணி நேரம் கார் ஓட்டினேன்.

அவன் அம்மா நோர்மா காண்டு கதவைத் திறந்தார். காபியும் இனிப்பு ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார். எலியாஸ் மேசையின் மறுபக்கம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். படம் போட்டவன் நான்தான் என்பது அவனுக்குத் தெரியும், கண்ணைப் பார்த்ததுமே புரிந்தது. அம்மாவிடம் அவன் சொல்லியிருக்கவில்லை.

"மன்னிச்சுக்கங்க சார்," என்றார் அந்த அம்மாள், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே. "பைய அம்மாங்க தூக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாது. அவன் வேணாம் வேணாம்னான், நான்தான் கேக்கல. யாரோ ஒருத்தர் படம் போட்டாராம். அவர் சொன்னதும் நியாயந்தானே, சார்? அவருக்கு என்ன தெரியும்?"

"நான்தான் மேடம்," என்றேன். "அந்தப் படம் போட்டது நான்தான்."

காபிக் கோப்பையை மேசையில் வைத்தார். எலியாஸ் தலையைக் குனிந்துகொண்டான். கடிதத்தை அவர்கள் பக்கம் நகர்த்தி, உளறிக் கொட்டினேன். இடம் இருக்கிறது, பாதி ஃபீஸ், என் தப்பு, எல்லாம் என் தப்பு.

"வேணாம் சார்," என்றான் எலியாஸ். "அங்க வந்தா அம்மா மேட்ச் பாக்க வரணும். அங்க எல்லாரும் அவங்களப் பாத்திருக்காங்க. அந்த மாதிரி."

"நீ சும்மா இருடா." அந்த அம்மாள் என்னையே பார்த்தார். "அன்னைக்கு எங்களை யாரும் படம் எடுக்கல சார். இவன் போன்ல சார்ஜ் இல்ல. நீங்க எடுத்தது இருக்கா? நான் தூக்கிட்டு வர்றது எப்படி இருந்துச்சுன்னு பாக்கணும். ஆபரேஷன் ஆன கையில, இடது கையிலதான தூக்கியிருந்தேன்?"

எனக்குத் தெரியவில்லை. கையைப் பார்த்து மார்க் போட்டே பிழைக்கிறவன், எந்தக் கை என்று பார்க்கவில்லை.

"அழிச்சுட்டேன் மேடம்."

"அவ்வளவு பேர் சிரிச்சாங்களே. யார்கிட்டயாவது இருக்குமே."

தேடினேன். ஊர் பேர் தெரியாத எவனோ அதை அப்படியே எடுத்து மறுபடி போட்டிருந்தான், என் பெயரும் என் வரிகளும் மேலே. நாலாயிரம் சிரிப்பு. போனை நீட்டும்போது கட்டைவிரலால் அந்த வரிகளை மறைத்துக்கொண்டேன்.

அவர் குனிந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பையின் பட்டை இடது உள்ளங்கையைச் சுற்றியிருந்தது. முழங்கை மடங்காமல் நேராக இருந்தது.

"பாருடா, இடது கைதான்," என்றார் மகனிடம். "எவ்வளவு நேரா புடிச்சிருக்கேன் பாரு." அவன் எழுந்து வந்து அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "விரல எடுங்க சார்."

எடுத்தேன். அந்த அம்மாள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, மகனுக்கும் கேட்கும்படி மெதுவாக வாய்விட்டு வாசித்தார்.

"பசங்களா, உங்க அம்மா உங்களுக்கு வேலைக்காரி இல்ல. இவன் நேத்து வரைக்கும் என் லிஸ்ட்ல மொத ஆளு. இன்னைக்கு பேர அடிச்சாச்சு. இந்தம்மாவப் பாத்தா பாவமா இருக்கு. ஒழுங்கா வளக்கத் தெரியல."