நான்காம் எண் நிலத்தில் பதினேழு மரங்கள்

எங்கள் துறையின் பதினேழு மரங்களும் நான் எண்ணப் போகும்வரை நன்றாகத்தான் வளர்ந்துகொண்டிருந்தன.

இயற்கை வளமும் சுற்றுச்சூழலும் படிக்கிற முதுகலை மாணவர்களுக்கு ஆறாம் பயிற்சி என்று ஒன்று உண்டு. பல்கலைக்கழகத்தின் நான்காம் எண் நிலத்துக்குப் போய் அங்கே நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களை எண்ண வேண்டும். ஒவ்வொன்றின் சுற்றளவையும் மார்பளவு உயரத்தில் நாடா சுற்றி அளக்க வேண்டும். அந்த மரம் எவ்வளவு கார்பனைத் தன்னுள் சேர்த்து வைத்திருக்கிறது என்று கணக்குப் போட்டு, ரெக்கார்டு நோட்டில் எழுதி, துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் பட்டம் கிடையாது. மற்ற ஒன்பது பயிற்சிகளுக்கும் நான் வாங்கிவிட்டேன். மிச்சம் இது ஒன்றுதான்.

என் அண்ணனும் ஆறு வருடத்துக்கு முன் அதே துறையில் படித்தவன். இப்போது ஒரு நிறுவனத்தில் உட்கார்ந்து, தான் பார்த்தே இராத ஆறுகளைப் பற்றி அறிக்கை எழுதுகிறான். அவனுடைய பழைய ரெக்கார்டு நோட்டை அலமாரியிலிருந்து எடுத்து என் முன்னால் போட்டான்.

"இந்தா வாலு, இதப் பாத்து எழுதிடு. நான் எழுதினதுக்கு மேல வருஷத்துக்கு ரெண்டு சென்டிமீட்டர் கூட்டிக்கோ. உனக்குப் பன்னெண்டு கூட்டினாப் போதும். பத்து நிமிஷ வேல."

"நீ எப்படி எழுதின?"

"எனக்கு முன்னாடி படிச்சவரோட நோட்டப் பாத்து. அவரு அவருக்கு முன்னாடி படிச்சவரப் பாத்து. மரம் என்ன, ஓடியா போயிடும்?"

அவன் சிரித்த சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சத்தியமாகச் சொல்கிறேன், அறிவியல் மேல் இருந்த பக்தியால் நான் போகவில்லை. அவன் மேல் இருந்த எரிச்சலில்தான் போனேன். அம்மாவின் தையல் மெஷினிலிருந்து அளவு நாடாவை உருவிக்கொண்டு கிளம்பினேன்.

"அது நூத்தம்பது சென்டிமீட்டர்தான்டி. மரம் இருநூறுக்கு மேல" என்று அண்ணன் பின்னாலிருந்து கத்தினான்.

நான்காம் எண் நிலம் எங்கள் துறைக் கட்டடத்தின் பின்பக்கத்தில் இருந்தது. மொத்தமும் சிமெண்ட் தரை. வரிசையாகப் பேராசிரியர்களின் கார்கள். அவற்றுக்கு நடுவில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு தரைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கழுவுகிறாரோ என்று பார்த்தேன். கழுவவில்லை. ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் நிதானமாக விட்டார். பிறகு ஏழெட்டு அடி தள்ளிப் போய் அங்கே விட்டார்.

"ஐயா, நாலாம் நம்பர் நெலம் எதுங்க?"

"இதாம்மா. கொஞ்சம் தள்ளி நில்லு, வேருக்குத் தண்ணி போகணும்."

நான் தள்ளி நின்றேன். எதற்குத் தள்ளி நிற்கிறோம் என்று தெரியாமலே நின்றேன்.

அவர் அந்த நிலத்தின் மரப் பராமரிப்பாளர். அவருடைய பதவியின் பெயரே அதுதான். பதினான்கு வருடத்துக்கு முன் வண்டி நிறுத்த இடம் போதவில்லை என்று பதினாறு மரங்களை வெட்டினார்களாம். ஒன்று அதற்குள் தானாகவே விழுந்துவிட்டது. வெட்ட அனுமதி வாங்கவில்லை என்பதால் வெட்டியதாக எங்கும் எழுதவும் இல்லை. இவர் அலுவலகத்துக்குப் போய், மரம் இல்லையே, நான் என்ன செய்ய என்று கேட்டிருக்கிறார். மரங்கள் இருப்பது மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகளால் உறுதியாகியிருக்கிறது, தொடர்ந்து தண்ணீர் விடவும் என்று எழுத்தில் பதில் வந்திருக்கிறது.

"அன்னிலேர்ந்து தினம் ஒம்போது மணிக்கு விட்டுடுவேன். நீ எவ்வளவு எழுதப் போற?"

"சைபர்."

அவர் போய்க் குழாயை மூடிவிட்டு வந்தார்.

"சைபர்னு எழுதினா என் வேல போயிடும்மா. இன்னும் ரெண்டு வருஷந்தான் இருக்கு. நானும் வீட்டுக்காரியும் இருக்கறது வளாகத்துக்குள்ள இவங்க குடுத்த வீடு. எங்க போவோம்?"

"அதுக்காக இல்லாத மரத்த எப்படிங்கய்யா அளக்கறது?"

"எல்லாரும் அளந்துட்டாங்களே" என்றார், என்னவோ எனக்கு மட்டும் கைவரவில்லை என்பது போல.

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் வாயையும் பேனாவையும் சும்மா வைத்துக்கொண்டிருக்க எனக்குச் சுட்டுப் போட்டாலும் வராது. மரங்கள்: சைபர். சுற்றளவு: சைபர். கார்பன்: சைபர். என் வாழ்நாளில் நான் போட்ட கணக்குகளிலேயே தப்பில்லாமல் வந்தது அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் துறைத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். அவர் கோபப்படவில்லை. கவலையாக இருந்தார்.

"உங்க வகுப்புல மத்த முப்பத்தொம்போது பேரும் போன மாசம் அளந்திருக்காங்க. பதினேழு மரமும் இருந்திருக்கு. நீ திங்கக்கெழம போயிருக்க. ஒண்ணுகூட இல்லைங்கற. நடுவுல அங்க நாடாவும் கையுமா போனது நீ ஒருத்திதான். மரம் எங்கம்மா?"

"சார், உங்க ஜன்னல்லேர்ந்து பாத்தாலே தெரியும். உங்க காருக்குக் கீழ சிமெண்ட் தரதான் இருக்கு. அது பதினாலு வருஷப் பழசு."

அவர் எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். நல்ல வெயில். அவருடைய வெள்ளைக் கார் தகதகவென்று கொதித்துக்கொண்டு நின்றது. திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தரையப் பத்தி ஆறாம் பயிற்சியில எதுவும் கேக்கலம்மா" என்றார்.

இப்படியாக நான் பதினேழு மரங்களை வெட்டிக் கடத்தியவள் ஆனேன். ஒரு விசாரணைக் குழு போட்டார்கள். குழுத் தலைவி புள்ளியியல் பேராசிரியை. கூட எங்கள் துறைத் தலைவர். குறிப்பெடுக்க ஒரு எழுத்தர். அவர்களுடைய முதல் கேள்வியே, சுமார் நாற்பது டன் மரத்தை எங்கே வைத்திருக்கிறாய் என்பதுதான்.

எங்கள் வீடு மூன்றாம் மாடியில் இரண்டு அறை. மூவரும் மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். தையல் மெஷினைத் தாண்டி உள்ளே போகவே ஒருக்களித்துத்தான் போக வேண்டும். எழுத்தர் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். சமையலறையில் அம்மா உட்கார்ந்து காய் நறுக்கும் மர முக்காலியைத் தலைவி வெகுநேரம் பார்த்தார்.

"இது எப்ப செஞ்சது?"

அம்மா முக்காலியை அவசரமாக அவர் முன்னால் நகர்த்தினாள். "ஐயோ, இது இவ பொறக்கறதுக்கு முன்னாடியே வாங்கினதுங்க. வேணும்னா எடுத்துட்டுப் போங்க, பிள்ளைய விட்டுடுங்க" என்றாள்.

முக்காலியை அளந்து எழுதிக்கொண்டார்கள். பிறகு முன்னாள் மாணவர் என்ற முறையில் அண்ணனைக் கேட்டார்கள். நீங்கள் பதினேழு மரத்தையும் நேரில் பார்த்தீர்களா? அண்ணன் என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், கடைசியில் மின்விசிறியைப் பார்த்தான்.

"பாத்தேன் மேடம். நல்ல நெழல்" என்று கையெழுத்துப் போட்டான்.

அவர்கள் இறங்கிப் போனதும் நான் அவன்மேல் பாய்ந்தேன். "நெழலாடா? நெழலா? அங்க உக்காந்து வேற வந்தியா?"

"பாக்கலன்னு சொன்னா என் டிகிரி என்னடி ஆகும்? அத நம்பித்தானே எனக்கு வேல குடுத்திருக்காங்க."

"அப்ப என் டிகிரி?"

அன்றைக்குச் சாப்பிடும்போது தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தான். கோபத்தோடு அதையும் சாப்பிட்டேன்.

எனக்கு இருந்த ஒரே வழி பராமரிப்பாளர்தான். மரங்களை வெட்டியதைக் கண்ணால் பார்த்தவர் அவர் ஒருவரே. மறுநாள் காலை போய் நின்றேன். "ஐயா, பதினாலு வருஷம் முன்னாடியே வெட்டிட்டாங்கன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். எனக்குப் பட்டம் வந்துடும்."

"சொல்லிடலாம்மா. அப்புறம், பதினாலு வருஷமா எதுக்குய்யா தண்ணி விட்டேன்னு கேப்பாங்களே. அதுக்கு என்ன சொல்றது? நீ படிச்ச பொண்ணு, சொல்லிக் குடு."

அவர் ஐந்தாவது மரத்துக்குக் குழாயைத் திருப்பினார். அவர் சொல்லாமலே நான் தள்ளி நின்றேன்.

விசாரணை நாளில் அவரை உள்ளே கூப்பிட்டார்கள். துவைத்து மடித்த காக்கியில் வந்தார். மரங்கள் இருக்கின்றனவா என்று தலைவி கேட்டார். என் பக்கம் திரும்பாமலே, "இருக்குங்க. இன்னிக்குக்கூடத் தண்ணி விட்டேன்" என்றார்.

எனக்கு அவர்மேல் வந்த கோபம் சொல்லி மாளாது. ஆனால் குழுவில் எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். மரங்கள் இருப்பதால் நான் வெட்டியிருக்க முடியாது. எழுத்தர் கடத்தல் குற்றச்சாட்டை அங்கேயே அடித்து நீக்கினார்.

"அப்ப இந்தப் பொண்ணுக்கு எண்ணத் தெரியல, அவ்வளவுதான்" என்றார் தலைவி. "இப்பவே எங்க முன்னாடி அளக்கட்டும். சரியா அளந்தா கையெழுத்து. இல்லன்னா பட்டம் இல்ல."

எல்லோரும் நான்காம் எண் நிலத்துக்கு வந்தோம். துறையின் முப்பது மீட்டர் நாடாவை என் கையில் கொடுத்தார்கள். பராமரிப்பாளர் அதன் நுனியை வாங்கி, என் மார்பளவு உயரத்தில் பிடித்துக்கொண்டு, ஒன்றுமில்லாத ஓரிடத்தைச் சுற்றி அரை வட்டம் நடந்தார். நான் மறுபக்கம் வந்து நுனியைச் சேர்த்தேன். வெறுங்காற்றுக்கு இடுப்பளவு எடுப்பதுபோல் இருவரும் நின்றோம். சைபர் என்று கத்திவிட்டு நாடாவை எறிந்துவிட்டுப் போய்விடலாம். பட்டம் போகும், இவருடைய வீடு போகும். சரி, அண்ணன் நோட்டில் உள்ளதோடு பன்னிரண்டைக் கூட்டிச் சொல்லித் தொலைப்போம் என்று வாயைத் திறந்தேன்.

"நூத்தி எண்பத்தஞ்சு" என்றார் அவர், எனக்கு மட்டும் கேட்கும்படி. "மரம் ஏத்த வந்த லாரிக்காரர் அளந்தாரு. அன்னிக்கும் நுனியப் பிடிச்சது நான்தான்."

அவர் முகத்தைப் பார்த்தேன். "நூத்தி எண்பத்தஞ்சு" என்று உரக்கச் சொன்னேன்.

எழுத்தர் தயங்கினார். "போன வருஷம் இருநூத்திப் பதினொண்ணுன்னு இருக்கே."

"எனக்கு நூத்தி எண்பத்தஞ்சுதான் வருது."

அடுத்ததற்குப் போனோம். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. அடுத்தது நூற்று எழுபது. சிவப்புக் காருக்கு அடியில் ஒன்று இருந்ததால், காரைச் சுற்றி வந்து அளந்தோம். ஒன்றுக்குக்கூட அவர் யோசிக்கவில்லை. பெற்ற பிள்ளைகளின் பிறந்த நாளைக் கேட்டால்கூட இவ்வளவு பளிச்சென்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒன்பதாவது மரத்தில் நாடாவை நானே இழுத்துப் பிடித்துச் சரிபார்த்தேன். அந்த நிலத்தில் இவ்வளவு காலத்தில் முதன்முறையாக யாரோ உண்மையாகவே அளந்துகொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் எனக்கு அப்படித்தான் இருந்தது, அதை மறைப்பானேன்.

பதினேழாவதில் அவர் குரலைத் தாழ்த்தவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இருநூத்தி ரெண்டுங்க. இது வெட்டினதில்ல. தானா விழுந்துச்சு. அன்னைக்குன்னு பாத்து நான் லீவு."

துறைத் தலைவர் தன் காரின் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைக்க ஆரம்பித்தார். இந்த மனிதர் தன் வேலையைத் தானே தொலைத்துவிட்டார் என்று எனக்குப் பகீரென்றது. தலைவி மட்டும் எழுத்தரின் தாளை வாங்கி, மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு மரம்கூட வளரல. எல்லாமே பதினாலு வருஷம் பின்னாடி போயிருக்கு. இது தெளிவான போக்கு" என்றார். "பதினேழு மரத்துக்கு ஒரே ஆளு. அவருக்கும் வயசாச்சு, என்னென்னமோ பேசறாரு. தண்ணி பத்தல."

குழுவின் அறிக்கை ஒரு வாரத்தில் வந்தது. என் அளவீடு ஏற்கப்பட்டது. துறைத் தலைவர் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார். பராமரிப்பாளருக்கு வேலை நீடித்தது, வீடும்தான். அவருடைய சுமையைக் குறைக்க உதவி மரப் பராமரிப்பாளர் என்று ஒரு புதிய பதவியும் உண்டாக்கியிருந்தார்கள். துறையில் முதுகலைப் பட்டம் வேண்டும். நான்காம் எண் நிலத்தில் நேரடியாக அளந்த அனுபவம் வேண்டும். அப்படிப்பட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான் என்பதால் நேர்காணல் வைக்கவில்லை.

உத்தரவைக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். நாலு நாள் அதைக் கையில் வைத்துக்கொண்டே நினைத்தேன். ஐந்தாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்தபோது அம்மா யாருடைய சட்டைக்கோ பொத்தான் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"என்ன வேலடி?"

"மரத்துக்குத் தண்ணி விடறதும்மா. பாதி அவருக்கு, பாதி எனக்கு."

"வெயில்ல நின்னு கஷ்டமா இருக்குமே. உன் பங்குக்கு எத்தன மரம்?"

"எட்டு" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே சுருக்கென்றது. அதற்குள் அம்மா ஊசியைக் கையில் எடுத்துவிட்டிருந்தாள்.

"எட்டுதானே, சமாளிச்சுக்கலாம்" என்றாள்.