மெசேஜில் என்ன பேர் வரும்

அந்த வீட்டில் எதையும் கடைசி வரி வரை படிக்கிற ஆள் ஒருவர்தான். இருபது வருடமாக அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைக்கூட விடமாட்டார். பேச்சுதான் வராது. மச்சினி அவருக்கு வைத்திருந்த பெயர் முற்றுப்புள்ளி. அதனால், கார்டில் பணம் வாங்க எந்தக் கம்பெனியோடு சேர்வது என்ற கேள்வி வந்தபோது, மூன்று கம்பெனிகளின் ஒப்பந்தங்களும் அவர் தலையில்தான் விழுந்தன.

வியாபாரம் மனைவியுடையது. இருமினாலும் தும்மினாலும் வாய்விட்டுச் சிரித்தாலும் சிறுநீர் கசிந்துவிடுகிற பெண்களுக்காக உள்ளாடை தைக்கிறாள். நான்கு அடுக்குத் துணி. துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொள்ளலாம். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தனக்கென்று தைத்தாள். பிறகு கேட்டவர்களுக்குத் தைத்தாள். அதைப் பார்த்துத் தங்கைக்காரி இணையத்தில் ஒரு கடை போட்டுக் கொடுத்து, ‘சிரிச்சா சிந்தாது’ என்று பெயரும் வைத்தாள். பெயரைப் பார்த்தே ஆள் வந்தார்கள். ஆனால் பாதிப்பேர் சாமானை எடுத்துவைத்துவிட்டு, பணம் கட்டும் பக்கத்தில் கார்டு இல்லை என்றதும் போய்விட்டார்கள். வரும் திங்கட்கிழமை மகளிர் மருத்துவமனையின் பிசியோதெரபிஸ்ட் தன் வகுப்புப் பெண்களிடம் கடையைப் பற்றிச் சொல்லப்போகிறார். அதை நம்பி இரண்டாவது மெஷினுக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று.

“மாமா, முதல் கம்பெனி நூத்துக்கு ரெண்டுதான் எடுக்கிறான். மறுநாளே பணம். இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றாள் மச்சினி.

“படிக்கணும்.”

“நாப்பத்தோரு பக்கம் மாமா. எழுதினவனே படிச்சிருக்க மாட்டான்.”

“அவனுக்கும் சேர்த்துத்தான் உங்க மாமா படிக்கிறார். விடு,” என்றாள் மனைவி, உதட்டில் குண்டூசியோடு.

மறுநாள் காலை, மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் கடைப் போனை அவர் எடுக்க வேண்டியதாயிற்று. “சொல்லுங்க” என்றார். மறுமுனையில் பேச்சில்லை. ஆண் குரலை அங்கே எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் இரண்டு முறை ‘ஹலோ’ சொல்லிவிட்டு வைத்திருப்பார்கள். அவருக்கு மௌனம் ஒரு சங்கடமே இல்லை. போனைக் காதில் வைத்தபடி ஜன்னல் கம்பியில் தொங்கிய அளவு நாடாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கோ ஒரு குழாய் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

“அக்கா இல்லையா?” என்றது கடைசியில் ஒரு பெண் குரல்.

“தைக்கிறாங்க. கூப்பிடவா?”

“வேண்டாம்.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “கார்டுல கட்டலாம்னு வரப்போகுதாமே. கட்டினா மெசேஜ்ல என்ன பேர் வரும்?”

“கடைப் பேரா இருக்கும்.”

“கார்டு என்கிட்டதான் இருக்கு. மெசேஜ் அவர் போனுக்குப் போகும்.” அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

அவர் அன்று அச்சகத்தில் ஒரே பக்கத்தை மூன்று தடவை படித்தார். மனைவியின் கார்டும் அவர் கணக்கில் உள்ளதுதான். நூல், எலாஸ்டிக், பஸ் பாஸ் என்று அவள் எதை வாங்கினாலும் அவர் சட்டைப் பையில் ஒரு சத்தம் வரும். அந்த மெசேஜை அவர் பார்ப்பது அவளுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. கேட்டதும் இல்லை. அவள் முதல் உள்ளாடையைத் தைத்து எத்தனை மாதம் கழித்து அவருக்குத் தெரிந்தது என்றும் யோசித்துப் பார்த்தார். ஒரு வருடம் இருக்கும்.

அன்று சாயங்காலம் ஒப்பந்தங்களை மறுபடி எடுத்தார். முதல் கம்பெனியில் கடைப் பெயர்தான் வரும், மாற்ற முடியாது. இரண்டாவதில் கம்பெனியின் பெயர் மட்டும் வரும். யாருக்குக் கொடுத்தோம் என்று கொடுத்தவளுக்கே விளங்காது. மூன்றாவது கம்பெனி நூற்றுக்கு மூன்றரை எடுக்கிறது, பணம் பத்து நாள் கழித்துத்தான் வரும். ஆனால் மெசேஜில் வருகிற பெயரை நாமே தேர்ந்தெடுக்கலாம்.

“மூணாவது,” என்றார்.

“மாமா, உங்களுக்கு என்ன ஆச்சு?”

காலையில் வந்த போனைப் பற்றிச் சொன்னார். அவர் தொடர்ந்தாற்போல் அத்தனை வாக்கியம் பேசி அவர்கள் கேட்டதில்லை. மனைவி மெஷின் சக்கரத்தைக் கையால் நிறுத்தினாள்.

“ஒரு பீசுக்குப் போடுற எலாஸ்டிக் காசு கமிஷன்ல போகும். போகட்டும். என்ன பேர் போடுறது?”

“பூக்கடைன்னு போடு,” என்றாள் தங்கை.

“யாருக்குடி பூ வாங்கினேன்னு வேற சண்டை வரும்.”

‘தையல் கூடம்’ என்று முடிவாயிற்று. திங்கட்கிழமை வகுப்பு முடிந்து இரண்டு நாளில் நாற்பத்தாறு ஆர்டர் வந்தன. ஒன்றில் மட்டும் ஒரு குறிப்பு: ‘போனில் கேட்டவள். உறையில் கடைப் பேர் வேண்டாம்.’ வெறும் பழுப்பு உறையில் மூன்று உள்ளாடை போனது.

மூன்றாவது வாரம் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. கார்டின் சொந்தக்காரர் வங்கியில் புகார் கொடுத்திருக்கிறார்: ‘தையல் கூடம் என்ற கடையை எனக்குத் தெரியாது. வீட்டிலும் யாருக்கும் தெரியாது.’ ஒன்பது நாளுக்குள் கடைக்காரர் ஆதாரம் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் பணம் திரும்பிப் போகும், மேலே அபராதமும் உண்டு. முதல் மூன்று மாதத்தில் இப்படி மூன்று நடந்தால் கணக்கே மூடப்படும்.

ஆர்டர் எண்ணைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துவிட்டது.

“அசைக்க முடியாத ஆதாரம் இருக்கு. பொருளோட படம், அளவு, விலாசம், கூரியர்ல அந்தம்மா போட்ட கையெழுத்து. இதோ, ஏத்திட்டேன்,” என்றாள் மச்சினி. “அனுப்பவா?”

“அனுப்பாதே.”

“ஏன்?”

“முப்பத்தோராம் பக்கம்.” அவரே எடுத்துப் படித்துக் காட்டினார். கடைக்காரர் தரும் ஆதாரத்தின் பிரதி, கார்டின் சொந்தக்காரருக்கு அவர் வங்கி வழியாக அனுப்பப்படும்.

மூவரும் திரையைப் பார்த்தார்கள். உள்ளாடையின் படம், கீழே மனைவி எழுதிய துவைக்கும் முறை, பக்கத்தில் அந்தப் பெண்ணின் பெயர்.

“அவங்க சொன்ன பொய்க்கு நாம தண்டம் கட்டணுமா?” என்றாள் மச்சினி. குரலில் முன்பிருந்த வேகம் இல்லை.

“பயத்துல சொல்லியிருப்பாடி. நானும்தான் ஒரு வருஷம் சொல்லாம இருந்தேன்,” என்றாள் மனைவி. கணவரைப் பார்க்காமல், கத்தரித்த துணியை மடித்தபடியே சொன்னாள். “இன்னும் ரெண்டு வந்தா கடையே இருக்காது. தெரியுதில்ல?”

“தெரியுது,” என்றார்.

மனைவி எழுந்து வந்து, தங்கை ஏற்றியிருந்த படங்களை ஒவ்வொன்றாக நீக்கினாள். ‘புகாரை ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அவர் அழுத்தினார்.

பன்னிரண்டு நாள் கழித்துக் கடைப் போன் அடித்தது. அவர்தான் எடுத்தார். மறுமுனை மௌனமாக இருந்தது. அவரும் காத்திருந்தார். குழாயை யாரோ திறந்து மூடினார்கள்.

“அவர் போன் அடிக்கிறப்பல்லாம் பேங்க்லேர்ந்து விஷயம் வந்திருச்சோன்னு நினைச்சேன்,” என்றாள். “பணம் திரும்ப வந்திருச்சுன்னு மட்டும் சொன்னார். வேற ஒண்ணும் வரலை.”

“நாங்க பதில் போடலை.”

குழாய்ச் சத்தம் நின்றது.

“மூணும் நல்லா இருக்கு. இன்னும் மூணு வேணும்.”

“பணம் கவர்ல அனுப்புங்க. மெதுவா.”

“இல்லைங்க. கார்டுலயே போடுறேன். கேட்டா தையல் கூலின்னு சொல்லிக்கிறேன். அன்னைக்கு அது தோணலை. கேட்டதும் தெரியாதுன்னு வாயில வந்திருச்சு.”

ஆர்டர் அரை மணி நேரத்தில் வந்தது. கார்டுதான். மச்சினி பல்லைக் கடித்துக்கொண்டு, “ரெண்டாவது புகாரும் இவங்ககிட்டேயே வாங்கணும்னு நம்ம தலையில எழுதியிருக்கு” என்றாள். மனைவி மூன்று உள்ளாடையை எடுத்து மடித்துப் பழுப்பு உறையில் போட்டாள்.

அவர் கடையின் பணம் கட்டும் பக்கத்தைத் திறந்தார். பொத்தானுக்கு மேலே எழுதினார்: ‘மெசேஜில் தையல் கூடம் என்று வரும். வீட்டில் கேட்டால் தையல் கூலி என்று சொல்லுங்கள். அது பொய் இல்லை.’

ஒரு முறை படித்துப் பார்த்தார். கடைசி வாக்கியம் அதிகப்படி என்று தோன்றியது. அதை அடிக்கப் போனார்.

“அது இருக்கட்டுங்க,” என்றாள் பின்னால் நின்ற மனைவி.

விட்டுவிட்டார்.