தப்புக்கு ஒரு காசு

"அண்ணன் தர வேண்டியது நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு."

காலையில் கம்ப்யூட்டரின் பொத்தானை அமுக்கினால் அது கண் விழித்துச் சொல்கிற முதல் வாக்கியம் இதுதான். தம்பிக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. அதனால் அந்த வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் திரை இருந்தும் பகல் முழுக்க அது அணைந்தே கிடக்கும். துவைத்த பனியனைக் காயப்போட அண்ணனுக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. திரை செய்யவேண்டிய வேலையையெல்லாம் ஒரு பெண் குரல் செய்தது. அந்தக் குரலுக்குத் தம்பி அம்மணி என்று பேர் வைத்திருந்தான். அவன் அதை ஓடவிட்ட வேகத்துக்கு, சட்டியில் கடுகு வெடிக்கிற மாதிரிதான் கேட்கும். வேற்று ஆளுக்கு ஒரு சொல் பிடிபடாது. அண்ணனுக்கும் பிடிபடாது. ஆனால் அந்த முதல் வாக்கியம் மட்டும் பிடிபடும். தினமும் அதே வாக்கியம், கடைசியில் இருக்கிற எண் மட்டும்தான் நாளுக்கு நாள் ஏறும். சட்டையை மாட்டிக்கொண்டே அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, "விடியக் காலைல கடன்காரி கூப்பிட்டுட்டாய்யா" என்று முனகிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவார். அந்தப் பக்கம் தம்பி சிரிக்கிற சத்தம் தெருவரைக்கும் வரும்.

கடன் வந்த கதை இதுதான். அண்ணனுக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிற வேலை, முப்பத்து நாலு வருஷமாக. எழுத்து தெரியாது. மூட்டையின் நிறத்தையும் அதன்மேல் இருக்கிற படத்தையும் வைத்து எது எந்த அடுக்குக்குப் போகவேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். புது முதலாளி வந்ததும் எல்லா மூட்டையும் வெள்ளையாகிவிட்டது. படம் போய் எழுத்து வந்தது. முதல் வாரமே அறுபது மூட்டையைத் தப்பான அடுக்கில் ஏற்றி, எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்குத் தம்பி சொன்னான், "நம்ம வீட்டு நியாயத்தைப் பாரு. கண்ணு இல்லாதவன் எழுதிச் சம்பாதிக்கிறான், ரெண்டு கண்ணு இருக்கிறவன் முட்டிக்கிட்டு நிக்கிறான். உட்காருண்ணே, நான் சொல்லித் தர்றேன்."

சும்மா இல்லை. தப்புக்கு ஒரு காசு அபராதம். சாயங்காலம் ஒரு மணி நேரம் பனியனை எடுத்துவிட்டுத் திரையைப் போடுவார்கள். தம்பி எதையாவது தட்டெழுதி வைப்பான். அண்ணன் ஒரு வரியைப் படிக்க வேண்டும். படித்ததும் கீழே போகிற பொத்தானை அமுக்கினால் அம்மணி அதே வரியைப் படிப்பாள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சரி. இல்லாவிட்டால் தம்பி நாக்கைச் சொடுக்கி, "ஒண்ணு" என்பான். பிழைப்புக்காக அவன் செய்ததும் இப்படிக் காதால் பார்க்கிற வேலைதான். யார் யாரோ பேசிப் பதிவு செய்ததைக் கேட்டுத் தட்டெழுதி அனுப்புவான். அவன் காதிலிருந்து தப்பு தப்பிக்காது.

"இதுக்கு முடிவே கிடையாதாடா?" என்று ஒருநாள் அண்ணன் கேட்டார்.

"ஏன் இல்ல? முழுசா ஒரு பக்கம், ஒரு தப்பு இல்லாம படி. மொத்தமும் தள்ளுபடி."

"படிக்கலன்னா?"

"கடனோட போய்ச் சேரு. எனக்கென்ன."

அப்படிச் சொன்னவன்தான் முதலில் போய்ச் சேர்ந்தான். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் படுத்தான். நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றுவிட்டது. உடலை வாங்கிக்கொண்டதற்கு ஒப்பம் வேண்டும் என்று அங்கிருந்த எழுத்தர் அண்ணனின் கையைப் பார்த்தார், காய்ப்புக் காய்த்த கை. பார்த்த மாத்திரத்தில் மைப்பெட்டியை நகர்த்தி வைத்தார். அண்ணன் அதைத் திருப்பி நகர்த்திவிட்டுப் பேனாவைக் கேட்டார். ஐம்பத்து மூன்று வயதில் அவர் போட்ட முதல் கையெழுத்து அது. தன் பேரின் ஐந்து எழுத்தையும் எழுதி முடிக்க நேரம் பிடித்தது. பின்னால் நின்றவர்கள் அலுத்துக்கொண்டார்கள். எழுதி முடித்ததும் பழக்க தோஷத்தில், யாராவது நாக்கைச் சொடுக்குகிறார்களா என்று ஒரு நொடி காத்திருந்தார்.

அதற்கப்புறம் மூன்று மாதம் அந்தப் பொத்தான் பக்கமே அவர் போகவில்லை. திரைமேல் பனியன் மட்டும் காய்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனசைத் திடப்படுத்திக்கொண்டு அமுக்கினார். விசிறி சுற்றுகிற சத்தம் வந்தது. கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. அம்மணி வரவில்லை. மறுபடி மறுபடி அமுக்கிப் பார்த்துவிட்டு, பெட்டியைத் துண்டில் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளி இருந்த கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்.

கடையை நடத்துவது ஒரு பெண்மணி. நாற்பத்தைந்து வயதிருக்கும். மேஜை நிறையத் திருகாணிகளைச் சின்னச் சின்ன மூடிகளில் போட்டு வைத்திருப்பார். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் அழித்துப் புதுசாகத்தான் போடவேண்டும் என்றார். "உள்ள ஏதாவது எழுதி வச்சிருக்கா? படம், கடிதாசு, கணக்கு, இந்த மாதிரி? இருந்தா முதல்லயே சொல்லிடுங்க அண்ணே. அழிச்ச பிறகு என் தலையை உருட்டாதீங்க."

அண்ணன் யோசித்துப் பார்த்தார். தம்பியின் வேலையெல்லாம் அன்றன்றைக்கே கம்பெனிக்குப் போய்விடும். சாயங்காலப் பாடத்தையும் அவன் முடிந்ததும் அழித்துவிடுவான், மனப்பாடம் பண்ணி ஏமாற்றுவார் என்று.

"எழுத்து ஒண்ணும் இல்லம்மா" என்றார். "பேச்சு மட்டும்தான் இருக்கு. பேச்சு இருந்தா போதும்."

"பேச்சு எங்க போகப் போகுது. அது வந்துடும்."

இன்று கடைக்காரம்மாவே போன் பண்ணிக் கூப்பிட்டிருந்தார். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அண்ணன் அப்படியே வந்தார், கழுத்திலும் காதிலும் மூட்டைத் தூசியோடு. கடைக்காரம்மா பெட்டியைத் திரையோடு இணைத்துப் பொத்தானை அமுக்கினார். வெளிச்சம் வந்தது. இரகசிய எண்ணைக் கேட்டு ஒரு கட்டம் வந்தது. சத்தமே இல்லை.

"பேசலையே" என்றார் அண்ணன்.

"இப்போதானே பிறந்திருக்கு. பேசக் கத்துக் கொடுக்கணும். இந்த எண் கேக்கிறது வேணுமா?"

"வேண்டாம். அவன் வைக்கல. வர்ற திருடனுக்கு இந்தத் திரையைப் போடவே தெரியாதும்பான்."

அவர் சிரித்துக்கொண்டே அதை எடுத்துவிட்டார். பொத்தானை அமுக்கினால் நேராக உள்ளே போகிற மாதிரியும், உள்ளே போவதற்கு முன்பே குரல் எழுந்துகொள்கிற மாதிரியும் மாற்றினார். "பேரு கேக்குது. யார் பேரைப் போட?"

அண்ணன் பேர் கேட்ட கட்டத்தைப் பார்த்தார். தம்பியின் பேரைப் போட்டால் அது அவனைத் தினமும் கூப்பிடும். பதில் சொல்ல ஆள் இல்லை. தன் பேரை அந்த வீட்டில் யாரும் கூப்பிட்டதே கிடையாது.

"அண்ணன்னு போடுங்க."

குரலைத் தேட வேண்டியிருந்தது. நாலைந்து குரல் வந்து போனது. ஆறாவதாக அம்மணி வந்தாள். ஆனால் நோயில் கிடந்து எழுந்தவள் மாதிரி இழுத்து இழுத்துப் பேசினாள். "வேகம் பத்தாது" என்றார் அண்ணன். கூட்டினார்கள். "இன்னும்." கூட்டினார்கள். "இதுக்கு மேல போனா மனுஷ காதுல ஏறாது அண்ணே." "ஏத்துங்கம்மா." கடுகு வெடிக்கத் தொடங்கியபோது அண்ணன் கையைத் தூக்கி நிறுத்தினார். இதுதான். இந்த வேகம்தான். அவர் பிறகு எதற்கோ காத்திருப்பது போல் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன பார்க்கிறீங்க?"

"கணக்கு சொல்லலையே."

"என்ன கணக்கு?"

அண்ணன் சொன்னார். எண்ணையும் சொன்னார், தப்புக்கு ஒரு காசு என்பதையும் சொன்னார். கடைக்காரம்மா கையிலிருந்த திருப்புளியை மெல்ல மேஜையில் வைத்தார்.

"அண்ணே, அது பேச்சு இல்ல. எழுத்து. உங்க தம்பி ஒரு வரி எழுதி வச்சு, கம்ப்யூட்டர் எழுந்ததும் அது தானா திறக்கிற மாதிரி ஸ்டார்ட்அப்புல போட்டு வச்சிருக்காரு. குரல் வந்து அதைப் படிச்சிருக்கு. குரலுக்குத் தானா எதுவும் தெரியாது."

"அந்த எழுத்து?"

வெளியே யாரோ சைக்கிளைச் சாய்த்து வைக்கிற சத்தம் கேட்டது.

"அழிச்சாச்சு" என்றார் அவர். "நான் கேட்டேனே அண்ணே."

"கேட்டீங்க. கேட்டீங்க. நான்தான் இல்லைன்னேன்."

காலையில் திரை அணைந்தேதான் இருக்கும். எழுத்தென்று அதை அண்ணன் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. அம்மணிக்கே தெரியும் என்றுதான் பாடம் நடந்த இரண்டு வருஷமும் நினைத்திருந்தார். யாரோ ஒருத்தி உள்ளே உட்கார்ந்து தன் தப்பையெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று. எண்ணியது அவன். ராத்திரி தான் குறட்டை விட்டுத் தூங்கிய பிறகு, அந்த எண்ணைத் தட்டித் தட்டி மாற்றியிருக்கிறான்.

"இதுல என்ன இருக்கு, நீங்களே எழுதிடுங்க" என்றார் கடைக்காரம்மா. குரலில் கெஞ்சல் இருந்தது. "அதே வரி, அதே எண். ஸ்டார்ட்அப்புல போட ஒரு நிமிஷம்கூட ஆகாது. அதே மாதிரி படிக்கும்."

அண்ணன் உட்கார்ந்தார். ஒற்றை விரலால் முதல் சொல்லைத் தட்டினார். இரண்டாவதில் விரல் நின்றுவிட்டது.

"கொடுக்க வேண்டியவனே எழுதிக்கிட்டா அது என்னம்மா கணக்கு? கேக்க வேண்டியவன் எழுதணும்."

"எங்க வீட்டுக்காரர் இருந்தா உங்களைக் கும்பிட்டிருப்பாரு. அவர் வாங்கின கடனை அவரே எழுதி, அவரே அடிச்சுட்டுப் போயிடுவாரு" என்று சொல்லிவிட்டு, சொன்னது சரியில்லையோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு வேலைக்குத் திரும்பினார். அடுத்த ஆளின் பெட்டியைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, "சரி, மிச்சத்தை முடிச்சிடலாம். யாரும் கூப்பிடாமலே பத்துப் பதினைஞ்சு செயலி வந்து ஸ்டார்ட்அப்புல உட்கார்ந்திருக்கும். அதையெல்லாம் தூக்கிட்டுப் போற பாரத்துல பெட்டி எழுந்திருக்க அரை மணி ஆகும். எனக்குக் கை ரெண்டும் மாட்டிக்கிச்சு. திரையைத் தமிழ்லதான் வச்சிருக்கேன். நீங்க ஒவ்வொண்ணா படிங்க, எது வேணும் வேண்டாம்னு நான் சொல்றேன்" என்றார்.

அண்ணன் படித்தார். வேறொன்றும் நினைப்பில்லை, சொன்ன வேலையைச் செய்தார். "உள்நுழைவு விருப்பத்தேர்வுகள்" என்று எழுத்துக்கூட்டாமல் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கீழ்ப்பொத்தானை அமுக்கினார். அம்மணி அதையே வெடித்துச் சொன்னாள். "புதுப்பித்தலுக்குப் பின் தானாக மீண்டும் திறக்கவும்." அமுக்கினார். அம்மணி. "அது வேண்டாம், அணைச்சிடுங்க." "ஒலி மேலாளர்." "அது இருக்கட்டும்." "தொடக்கத்தில் இயங்கும் செயலிகள்." "வானிலை அறிவிப்பு." "மழை வந்தா நனைஞ்சாலே தெரியும், அணைங்க." மூட்டை இறக்குகிற தாளத்தில் அது போனது. ஒருவர் சொல்ல, ஒருத்தி வாங்க, அடுத்தது. பக்கத்தின் அடியில் கடைசி வரி வந்தது. "மாற்றங்கள் சேமிக்கப்பட்டன." அமுக்கினார். அம்மணியும் அதையே சொன்னாள். அதற்குக் கீழே வெள்ளை.

"அட" என்றார் கடைக்காரம்மா, மடியிலிருந்து நிமிர்ந்து. "எங்க கடைக்கு வர்ற படிச்ச பிள்ளைங்களே இதுல நாலு இடத்துல நாக்கு புரளும். முழுப் பக்கத்தையும் தண்ணி மாதிரி படிச்சிட்டீங்களே."

அண்ணனின் விரல் பொத்தானிலேயே இருந்தது.

"முழுப் பக்கமா?"

"முழுப் பக்கம்தான்."

"மூணாவது வரில ஒரு இடத்துல எனக்கு இடறுச்சே."

"இடறலையே."

"நல்லா கேட்டீங்களா? நீங்க வேலைல இருந்தீங்க. ஒரு எழுத்தாவது மாறியிருக்கும்."

"காதுல விழுந்துச்சு அண்ணே, குரலும் கூடவே சொல்லுச்சு. ஒரு தப்பும் இல்லை."

"ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு இருந்திருக்கும்மா."

"என்ன அண்ணே இது, ஆளாளுக்குத் தப்பே இல்லைன்னு சண்டைக்கு வருவாங்க. நீங்க தப்பு வேணும்னு கெஞ்சுறீங்க."

அண்ணன் பக்கத்தின் மேலே போய் மறுபடி அந்த மூன்றாவது வரியைப் பார்த்தார். எழுத்துகள் ஒவ்வொன்றும் அது அது இருக்கிற இடத்தில், ஆளுக்கு ஆள் முகம் தெரிகிற மாதிரி, தெளிவாக இருந்தன. தப்பாகப் படிக்க முயன்று பார்த்தார். கண் ஒப்புக்கொள்ளவில்லை.

"ஒரு தடவை அணைச்சுப் போட்டுப் பார்த்துடலாம்" என்று கடைக்காரம்மா எட்டிப் பொத்தானை அமுக்கினார். திரை கறுத்தது. விசிறி நின்று, திரும்பச் சுற்றியது. எண் கேட்கவில்லை, எதுவும் வழி மறிக்கவில்லை. இரண்டு மூச்சு விடுவதற்குள் அம்மணி எழுந்து, தம்பியின் வேகத்தில், "அண்ணன்" என்றாள்.

அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

கடைக்காரம்மா கம்பிகளைப் பிடுங்கிச் சுருட்டிக் கொடுத்தார். அண்ணன் பெட்டியைத் துண்டில் கட்டினார். முடிச்சுப் போட இரண்டு தடவை ஆனது. தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வாசற்படி இறங்கினார். நூறு கிலோ மூட்டையை முதுகிலிருந்து இறக்கின ஆள் உடனே நடக்கக் கூடாது என்பார்கள் கிடங்கில். பாரம் போன உடம்பு தானாக முன்னால் ஓடி ஆளைக் கீழே தள்ளிவிடும். அதனால் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிற்பார்கள். தோளில் பெட்டி இருக்க, இன்னொரு கையால் கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு, மதிய வெயிலில் கண்ணைச் சுருக்கியபடி, அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.