ஏழாம் கேள்வி

பேராசிரியை காலை நடைக்குக் கிளம்பித் தெருமுனை திரும்பும்வரை, எல்லாரும் ‘ஆறுமாசம்’ என்று கூப்பிடும் அந்தப் பெண் பூட்டிக்கிடந்த மருந்துக்கடை ஓரமாக ஒளிந்து நின்றாள். பேராசிரியையின் தலை மறைந்ததும் ஓட்டமும் நடையுமாகப் போய் அவர் வீட்டு மணியை அடித்தாள். கதவைத் திறந்த முன்னாள் தூதர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, உறையைப் பிடுங்காத குறையாக வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். சாயங்காலம் அவர் சீட்டாடப் போன பிறகு இதே வாசலில் பேராசிரியைக்கு இன்னொரு உறை தர வேண்டும். திருட்டுக் காதலுக்குத் தூது போகிறவர்களுக்குக்கூட இவ்வளவு பாடு இருக்காது. இங்கே நடப்பதோ தாலி கட்டிக் குடித்தனம் நடத்தும் இரண்டு பேரிடம் சமாதானத்தைப் பற்றிக் கருத்துக் கேட்பது!

அவளுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆராய்ச்சி நிறுவனத்தில் யாருக்கும் அது நினைவில்லை. ஆறு ஆறு மாதமாக எட்டு முறை வேலை நீட்டிப்பு வாங்கியவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? ‘ஆறுமாசம் வந்தாச்சா, ஆறுமாசம் சாப்பிட்டாச்சா’தான். கேட்டுக் கேட்டு அவளே தொலைபேசியில் ஒருநாள் அப்படிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு ஆற்றின் இரு கரையிலும் இருக்கும் இரண்டு நாடுகள் நாற்பது வருஷத்துக்கும் மேலாக அடித்துக்கொள்கின்றன. அது எப்படி ஓயும் என்று பன்னிரண்டு நிபுணர்களிடம் கேட்டுத் தொகுப்பதுதான் வேலை. ஆளுக்கு ஒரு எண். யார் எந்த எண் என்பது அவளைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது, கட்டின மனைவிக்கும் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்து வேறு. ஒவ்வொரு சுற்றிலும் எல்லாருடைய பதில்களையும் அவள் தட்டச்சு செய்து எல்லாருக்கும் அனுப்புவாள். அவர்கள் ஓரத்தில் விமர்சனம் எழுதி, மனம் மாறினால் பதிலையும் மாற்றித் திருப்பித் தருவார்கள். “பன்னெண்டு பேரும் ஒத்துப்போற அறிக்கை வரட்டும், உன் வேலை நிரந்தரம்” என்று இயக்குநர் சொல்லியிருந்தார். தூதர்கள் பட்டியலிலிருந்து ஒருவரையும் சரித்திரப் பேராசிரியர்கள் பட்டியலிலிருந்து ஒருவரையும் பொறுக்கியவள் அவளேதான். இரண்டு பேருக்கும் ஒரே விலாசம் என்று பார்த்தது கையெழுத்து வாங்கின பிறகு. யாரைத் திட்டுவது?

ஆறு கேள்விகள் சுலபமாகத் தீர்ந்தன. ஏழாவதுதான் கழுத்தை அறுத்தது. ‘முதலில் பேச வேண்டியது யார்?’ புண்பட்ட தரப்புதான், தனக்கு என்ன வேண்டும் என்று அது சொன்னால்தானே மற்றவனுக்குத் தெரியும் என்றது ஐந்தாம் எண். அதாவது தூதர். வலுவான தரப்புதான் முதலில் கேட்க வேண்டும் என்றது ஒன்பதாம் எண். அதாவது அவர் மனைவி. மற்ற பத்துப் பேரும் சலித்துப்போய் ‘எதுவானாலும் சம்மதம்’ என்று எழுதிவிட்டார்கள். ஒருவர், தனக்குக் கண் ஆபரேஷன் வருகிறது, அதற்குள் உலகத்தில் சமாதானம் வந்தால் தேவலை என்றும் சேர்த்திருந்தார்.

‘ஐந்தாம் எண் போரை மெத்தை நாற்காலியிலிருந்து பார்த்தவர்.’ ‘ஒன்பதாம் எண் புத்தகத்தை விட்டுத் தலை தூக்கியதில்லை.’ ஓரக்குறிப்புகள் இப்படித்தான் ஆரம்பித்தன. முதல் நாள் தூதர் அவளிடம், “எங்க வீட்ல முப்பத்தெட்டு வருஷமா சண்டைன்னு ஒண்ணு நடந்ததே இல்லம்மா” என்று பெருமையடித்திருந்தார். பாவம் மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள். போன சுற்றில் குறிப்புகள் ஒரு மாதிரியாகப் போயின. ‘வலுவான தரப்பு மூன்று முறை மூட்டை கட்டியது. மற்றவர் கதி என்ன என்று ஒரு முறையாவது கேட்டதா?’ இது ஒன்பது. ‘உம்மென்று கூடவே கிளம்பி வந்தால் யாருக்கு என்ன தெரியும்?’ இது ஐந்து.

“மூட்டை கட்டினாங்களா? எந்தப் போர்ல?” என்றார் இயக்குநர்.

“அகதிங்களைச் சொல்றாங்கபோல சார்” என்று சமாளித்தாள். பிறகு இரண்டு பேருடைய சுயவிவரத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவருக்கு வெளிநாட்டு மாற்றல் வந்த மூன்று வருஷங்களிலும் அந்த அம்மாள் ஒவ்வொரு கல்லூரி வேலையாக விட்டிருந்தார். இயக்குநர் கண்ணில் படாமல் இரண்டையும் கோப்புக்குள் செருகினாள்.

இப்போது கடைசிச் சுற்று. உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்ட தூதர் கதவைச் சாத்தாமல் நின்றார்.

“ஒன்பது யாருன்னு நான் கேக்கல. முப்பத்தெட்டு வருஷமாக் கேக்கற குரல், தாள்ல வந்தா தெரியாமப் போயிடுமா? எனக்குத் தெரிஞ்சது அவளுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா எழுதறதை நிறுத்திடுவா.”

சாயங்காலம் பேராசிரியை உறையைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “அந்த அஞ்சாம் நம்பரை எனக்குத் தெரியும்மா. நீ மூச்சு விட்டுடாத. பாவம், நான் கண்டுபிடிக்கலைன்னு சந்தோஷமா இருக்கார்.”

அட கடவுளே என்று ஆறுமாசம் பஸ் நிறுத்தத்தில் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பதில்கள் வந்தன. தூதருடையதை முதலில் பிரித்தாள். ‘ஒன்பதாம் எண் சொல்வதே சரி. வலுவான தரப்புதான் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.’ அந்த ‘நான்’ என்ற இடத்தில் பேனா அழுந்தியிருந்தது. அப்போ வேலை நிரந்தரம்! அவசரமாக அடுத்ததைப் பிரித்தாள். ‘ஐந்தாம் எண் சொல்வதே நியாயம். புண்பட்டவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். சொல்லாமலே புரிந்துகொள்ளட்டும் என்று இருந்தது என் வீம்பு.’

அவர் இவர் பக்கம் வந்துவிட்டார். இவர் அவர் பக்கம் போய்விட்டார். அட்டவணையில் எண்கள் மட்டும் இடம் மாறி, நேற்று எப்படியோ இன்றும் அப்படியே நின்றன. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஒரு வழி இருந்தது. பேராசிரியையின் போன சுற்றுத் தாள் கோப்பில்தான் கிடந்தது. தேதி கிடையாது. அதை எடுத்து இதன் இடத்தில் வைத்தால் பன்னிரண்டு பேரும் ஒரே குரல். யாருக்குத் தெரியப்போகிறது? பழைய தாளைப் பாதி வெளியே இழுத்தும்விட்டாள். நிரந்தரம், அடையாள அட்டையில் சொந்தப் பெயர், ‘அடுத்த ஆறு மாசம் என்னடி பண்ணுவ’ என்ற அம்மாவின் கேள்விக்கு ஒரு முழுக்கு. ஆனால் ‘என் வீம்பு’ என்ற இரண்டு வார்த்தை அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தது. முப்பத்தெட்டு வருஷம் கழித்து ஒரு பெண்பிள்ளை எழுதியதைத் தூதர் கண்ணில் படாமல் அடிப்பதா? மனசு வரவில்லை. உள்ளே தள்ளினாள். தள்ளிவிட்டுத் தன்னையே நன்றாகத் திட்டிக்கொண்டாள்.

“ஒரு இம்மி நகரலையேம்மா!” என்றார் இயக்குநர், அட்டவணையைப் பார்த்து. “சரி, இன்னொரு சுற்று. உனக்கும் இன்னொரு ஆறு மாசம்.”

அடுத்த திங்கட்கிழமை மருந்துக்கடை ஓரமாக நின்றாள். ஏழாயிற்று, ஏழரை ஆயிற்று. பேராசிரியை வெளியே வருகிற வழியாகவே இல்லை. என்னவோ ஏதோ என்று வாசலுக்குப் போனால், உள்ளே இடி இடித்துக்கொண்டிருந்தது.

“மூணாவது தடவை துறைத் தலைவி பதவி! அதைத் தூக்கிப்போட்டுட்டு உங்க பின்னால வந்தேன்!”

“அதை இன்னிக்குச் சொல்றியே! அன்னிக்கே இப்படிக் கத்தியிருக்கலாமில்ல?”

“நீங்க கேட்டீங்களா?”

“நீ சொன்னியா?”

என்னவோ தட்டு உருளும் சத்தம். ஆறுமாசம் கையிலிருந்த இரண்டு உறைகளையும் பார்த்தாள். ஒருவர் விட்டுக்கொடுத்தது மற்றவர் கண்ணில் இன்னும் படவில்லை. வருவது வரட்டும் என்று மணியை அடித்தாள். சத்தம் சட்டென்று நின்றது.

கதவு திறந்தது. முகம் சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, இரண்டு பேருமே நின்றார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. உறைக்காக அவளை நோக்கி இரண்டு கைகள் ஒரே நேரத்தில் நீண்டன.