காலி நாற்காலியைப் பற்றி நேயர் கருத்துகள்

1

கிட்ட வா கண்ணு. கையிலிருக்கிற வேலை கொஞ்சம் ஆறட்டும், இப்படி வந்து உட்கார். உனக்கு ஒரு கதை சொல்லப் போகிறேன். சிரிப்பு நாடகத்தில் தொடங்குகிற கதைதான். ஆனால் நீ சிரிப்பாய் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

இது எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய டிவி காமெடித் தொடர் ஒன்றின் எபிசோடுக்குக் கீழே நேயர்கள் எழுதியிருந்த கருத்துகளைப் பொழுது போகாமல் படித்துக்கொண்டிருந்தேன். இந்தக் காலத்தில் இப்படி யார் எடுக்கிறார்கள், மாமியாராக நடித்தவர் அபாரம், இப்படி வழக்கமான பேச்சுகள். நடுவில் ஒருவர் எழுதியிருந்தார்: "எல்லாம் சரி, அந்தக் காலி நாற்காலியில் என் அப்பாவை ஏன் உட்கார வைத்தீர்கள்?"

அந்த ஒரு வரிதான் எனக்குக் கிடைத்தது. மற்றதெல்லாம் நானே கட்டியது. அப்படி நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன்.

2

'மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், தொலைக்காட்சி நிலையத்தின்'

வேண்டாம். பயமுறுத்தும் கதை என்றால் மழை பெய்தே ஆக வேண்டுமா?

'அவளுக்கு வயது நாற்பதை நெருங்கியிருந்தது, கல்யாணம் ஏன்'

இதுவும் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரி மாதிரி எதற்கு விசாரித்துக்கொண்டு?

நேராகவே சொல்கிறேன். அவள் ஒரு எடிட்டர். ஜன்னலில்லாத அறை, இரண்டு திரை, ஒரு பக்கம் உடைந்து டேப் சுற்றிய ஹெட்போன். பழைய தொடர்களை மறு ஒளிபரப்புக்காகக் கத்தரித்துத் தருவது வேலை. அந்தக் கால எபிசோடுகள் நீளம். இப்போது விளம்பரத்துக்கு இடம் வேண்டும். கதைக்கு நோகாமல் எங்கே வெட்டலாம் என்று பார்ப்பாள். யாரும் பேசாத இடம், யாரும் இல்லாத இடம், அங்கேதான் கத்தி முதலில் போகும்.

3

எபிசோட் இதுதான். ஒரு குடும்பம் மேலதிகாரியை விருந்துக்கு அழைத்திருக்கிறது. மேசையைச் சுற்றி ஐந்து நாற்காலி. நான்கு பேர் உட்கார்ந்துவிட்டார்கள், ஐந்தாவது அவருக்கு. வீட்டுக்காரர் சம்பள உயர்வு கேட்பதை அந்தக் காலி நாற்காலியிடமே ஒத்திகை பார்க்கிறார். குழைகிறார், கெஞ்சுகிறார், நாற்காலி மசியவில்லை என்று அதை அதட்டுகிறார். சமையலறையிலிருந்து தீய்ந்த வாடை. நால்வரும் எழுந்து ஓடுகிறார்கள்.

அரங்கில் ஜனங்களை உட்கார வைத்து, அவர்கள் சிரிக்கச் சிரிக்க ஒரே மூச்சில் எடுத்த நாடகம். நால்வரும் ஓடுகிற அந்த நேரத்தில் சமையலறைக் கேமராவுக்கு மாற்றும் பொத்தானை அமுக்கியிருக்க வேண்டும். அமுக்க வேண்டிய ஆள் தானும் சிரித்துச் சிரித்து மேசைமேல் தலையைக் கவிழ்த்துவிட்டாராம்.* ஆகவே சத்தமெல்லாம் சமையலறையில். படம் மட்டும் சாப்பாட்டு மேசையில். தட்டுகள். தண்ணீர் டம்ளர்கள். பின்னால் தள்ளப்பட்ட நான்கு நாற்காலி, தள்ளப்படாத ஒன்று. அரங்கத்துச் சிரிப்பும் அந்த இடத்தில் சட்டென்று அடங்கிவிடுகிறது. ஏன் அடங்கியது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

* அவருக்கு வேலை போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த நகைச்சுவைக்கும் அவர் சிரித்ததை யாரும் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தேன். அது கொஞ்சம் அதிகம் என்று தோன்றுகிறது. நீ அதைப் படிக்காததாக வைத்துக்கொள்.

(நான் வெறும் நாற்காலியைத்தான் எழுதினேன், கண்ணு. படிக்கும்போது அதில் யாராவது தெரிந்திருந்தால் என்னிடம் சொல்லாதே. மேலே போகலாம்.)

4

எடிட்டர் அந்த இடத்தை வெட்டினாள். தவறாகப் பதிவான இடம்தானே, அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஒளிபரப்பான மறுநாள் கருத்துகள் கொட்டின. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர், அங்கே தன் தம்பி உட்கார்ந்திருப்பானே, அவனை எங்கே என்று கேட்டிருந்தார். 'மாடிவீட்டு மருமகள்' என்று பெயர் வைத்துக்கொண்டவள், அது தன் மாமியார் என்றாள். இருந்த வரைக்கும் அந்த அம்மாவைக் கண்டால் ஆகாது, இப்போது அவருக்காகத்தான் எபிசோடைத் தேடித் தேடிப் பார்க்கிறேன், தயவுசெய்து திருப்பிப் போடுங்கள் என்று கெஞ்சியிருந்தாள். நடுவில் சண்டை வேறு. தாடி வைத்த கிழவர் என்றார் ஒருவர். உமக்குக் கண் அவிந்துபோயிற்றா, பச்சைச் சட்டை போட்ட சின்னப் பெண் என்றார் இன்னொருவர். ஆளுக்கொரு ஆள். ஒற்றுமை ஒன்றே ஒன்றுதான். அவர்கள் சொன்னவர்களில் ஒருவரும் இப்போது உயிரோடு இல்லை.

நிலைய மேலாளர் எடிட்டிங் அறை வாசலில் வந்து நின்று, யாரிடம் என்றில்லாமல் பொதுவாகச் சொன்னார்: ஒரு காலி நாற்காலிக்கு இவ்வளவு ரசிகர்கள் என்றால் நடிகர்களுக்குச் சம்பளம் கொடுத்ததெல்லாம் வீண், வெட்டியதை ஒட்டிவிடலாம்.

அவள் ஒட்டினாள். பார்த்தாள். நாற்காலி. வெறும் மர நாற்காலி. பக்கத்து அறை ஒலிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

[இந்த ஒலிக்காரர் தேவையா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. ஒரு வரைவில் அவரை எடுத்தும் விட்டேன். எடுத்த பிறகு நிலையத்தில் அவளோடு பேச ஆளே இல்லாமல் போயிற்று. எனக்கு என்னவோ பயமாக இருந்தது. ஏன் என்று அப்போது புரியவில்லை. மறுபடி கொண்டுவந்துவிட்டேன்.]

அவர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எங்க மாமனாரு."

"வெளையாடாதீங்க."

"நான் எதுக்கும்மா வெளையாடப் போறேன். உயிரோட இருந்தப்பவும் என்னக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்குவாரு. இப்பவும் பாரு, அந்தப் பக்கமாத்தான் பாத்துக்கிட்டு இருக்காரு." அவள் பக்கம் திரும்பி, "உனக்கு யாரு?" என்று கேட்டார்.

"யாருமில்ல. காலியா இருக்கு."

"கொடுத்து வெச்சவ நீ" என்று சொல்லிவிட்டுப் போனார். கோப்பையை எடுக்க மறந்துவிட்டார்.

5

அந்தச் சொல் அவளுக்குள் போய் வேறு விதமாக வேலை செய்தது.

அவளுக்கு ஒரு தங்கை. வீட்டில் நடந்த ஒரு சண்டையில், இனி நீங்கள் எனக்கு இல்லை, நான் உங்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டு உடுத்திய துணியோடு போனவள். வருஷங்கள் ஓடிவிட்டன. தேடாத இடமில்லை. இருக்கிறாளா, இல்லையா, அது ஒன்று தெரிந்தால் போதும் என்கிற நிலைக்கு வந்துவிட்டார்கள். அம்மா இன்னமும் வாசல் விளக்கை அணைப்பதில்லை.

செத்தவர்கள் வந்து உட்காருகிற நாற்காலியில் தங்கை வரவில்லை. அப்படியென்றால்?

அதிலிருந்து தினமும் வேலை தொடங்குமுன் அந்த இடத்தை ஓடவிட்டுப் பார்ப்பாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பாள். காலி. அப்பாடா என்று மூச்சு வரும். அப்புறம்தான் மற்ற வேலை ஓடும். ஒரு வெறும் நாற்காலியைப் பார்த்து இப்படி மனம் குளிர்ந்தவள் வேறு யாரும் இருந்திருக்க மாட்டாள்.

அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. அம்மாவுக்கும் காலியாகத் தெரிந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். தெரியக்கூடாதது தெரிந்துவிட்டால்? இரண்டு நாள் மென்று விழுங்கினாள். பிறகு ஒரு விடுமுறைப் பகலில், துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் முன்னால் போட்டுக் காட்டினாள். அம்மா பார்த்தாள். முகம் மலர்ந்தது. மகளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"யாரும்மா?"

"உங்கப்பாடி. கண்ணாடி போடாம வந்திருக்காரு, பாரு. எப்படித்தான் வழி தெரிஞ்சு வந்தாரோ."

"அவ இல்லியே?"

"அவ எதுக்கு இங்க வரா? அவ எங்கயோ இருக்கா" என்றாள் அம்மா, தலையணை உறையை உதறி.

அன்று மகள் வாய்விட்டு அழுதாள், நிம்மதி அழுகை. சாயங்காலம் தட்டுக் கழுவும்போதுதான் உறைத்தது. செத்துப்போனவர் எனக்கும் அப்பாதானே. என் கண்ணுக்கு ஏன் அவர்கூடத் தெரியவில்லை?

(இந்தக் கேள்வியை அவளிடம் கொடுக்க நான் நினைக்கவே இல்லை. எழுதிக்கொண்டே போனேன், தானாக வந்து நின்றது. அழித்தேன். அழித்தாலும் அவள் தட்டைக் கையில் வைத்தபடி நின்றுகொண்டே இருந்தாள்.)

6

அழுகிற நேயர்கள் விளம்பரக்காரர்களுக்குப் பிடிக்கவில்லையாம். கருத்துப் பக்கம் இன்று மாலையோடு மூடப்படும் என்று தாழ்வாரத்துப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். மத்தியானம் அவள் கடைசியாக ஒருமுறை படிக்கப் போனாள். பெயர் போடாமல் புதிதாக ஒன்று வந்திருந்தது.

"அதில் உட்கார்ந்திருப்பது எங்க அக்கா. ஒரு காலை மடித்து மேலே வைத்திருக்கிறாள், எப்போதும் அப்படித்தான். முழங்கைக்குக் கீழே தழும்பு இருக்கும். சின்ன வயதில் நான் இஸ்திரிப் பெட்டியால் சுட்டது. அம்மாவிடம் காட்டிக்கொடுக்கவே இல்லை. அவள் எப்போது போனாள்? எனக்கு யாரும் சொல்லவில்லை, சொல்ல நான் இடமும் வைக்கவில்லை. தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்."

எடிட்டர் மெல்லத் தன் காலைக் கீழே இறக்கினாள். பிறகு சட்டைக் கையை மணிக்கட்டு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள், யாரோ பார்த்துக்கொண்டிருப்பது போல.

7

இனி முடிவு. நானும் எழுதிப் பார்த்தேன்.

தங்கை உயிரோடு இருக்கிறாள். எபிசோடில் என்னவோ தெரிந்து பயந்திருக்கிறாள். பதில் போட்டால் அடுத்த பஸ் பிடித்து வந்துவிடுவாள். எனக்கும் இதுதான் பிடிக்கும்.

அல்லது எழுதியது வேறு யாரோ. இஸ்திரிப் பெட்டி இல்லாத வீடு ஏது, சூடு படாத அக்கா ஏது. இதில் பயமில்லை, ஆனால் தங்கையும் இல்லை.

மூன்றாவது

மூன்றாவதுக்கு என் கை வரவில்லை. அதற்குப் பயந்து பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன், அவள் முகத்தைப் பார்த்து யாராவது பேசியிருக்கிறார்களா என்று. ஒலிக்காரர் பேசியிருக்கிறார். அம்மா பேசியிருக்கிறாள். நல்லவேளை என்று பேனாவைக் கீழே வைத்தேன். வைத்த பிறகுதான் யோசனை வந்தது. ஒலிக்காரர் மாமனாரைப் பார்த்தவர். அம்மா அப்பாவைப் பார்த்தவள். இல்லாதவர்களைப் பார்க்கிற கண்ணுள்ள இரண்டு பேரையா நான் சாட்சிக்கு வைத்திருக்கிறேன்? மேலாளர் இருக்கிறாரே என்பாய். அவர் வாசலில் நின்று பொதுவாகத்தான் பேசினார். நானே அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

அவள் பதில் கட்டத்தில் எழுதிவிட்டாள். "நான் இருக்கேன்டி. அம்மாவும் இருக்காங்க. வீட்டுக்கு வா." விரல் அனுப்பும் பொத்தான்மேல் இருக்கிறது. அமுக்கினால் தங்கை கிடைக்கலாம். அல்லது அந்தச் சொற்கள் எங்கேயும் போகாமல் அப்படியே நிற்கலாம். அப்போது அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரிந்துவிடும். அமுக்காவிட்டால் இரண்டும் இல்லை. மாலையில் பக்கத்தை மூடிவிடுவார்கள்.

நான் அமுக்கப் போவதில்லை. நான் அமுக்கினால் அது கதை எழுதுகிறவள் அனுப்பியதாகிவிடும். ஆனால் இவ்வளவு நேரமாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில், இல்லாதவர்கள் யாரையும் கண்டேன் என்று சொல்லாத ஆள் நீ ஒருத்தர்தான், கண்ணு. அவள் உன் கண்ணுக்கு எப்படித் தெரிகிறாள் என்று உனக்குத்தான் தெரியும். அதன்படி செய். எனக்குச் சொல்ல வேண்டாம்.

உன் வீடு நன்றாக இருக்கட்டும். கோபித்துக்கொண்டு போனவர்கள் சாப்பாட்டு வேளைக்குத் திரும்பி வரட்டும். பெயர் சொல்லி நீ கூப்பிடும்போதெல்லாம் உள்ளேயிருந்து "என்ன?" என்று பதில் குரல் வரட்டும். ஒருவர் விடாமல், ஒவ்வொருவரிடமிருந்தும் வரட்டும்.