ஜன்னலோரம் நின்ற தொப்பிக்காரன்

தொப்பிக்காரன் படத்தைத்தான் கொண்டுவர வேண்டும், வேறு எதையாவது தூக்கிக்கொண்டு வந்துவிடக் கூடாது என்று கத்தரீனாள் போடிக்கு இரண்டு முறை ஆள்விட்டுச் சொல்லியிருந்தாள். வீரபாண்டிக்கு ஆச்சரியம். படம் காட்டும் மெஷினை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு எஸ்டேட் எஸ்டேட்டாகப் போகிறவன் அவன். சாமி படம் கேட்பார்கள், பாட்டுப் படம் கேட்பார்கள். நாற்பது வருஷத்துப் பழைய இங்கிலீஷ் ரவுடிப் படத்தை ஒரு பெண்பிள்ளை வருந்தி வருந்திக் கேட்டது இதுதான் முதல் தடவை.

அந்தப் படத்தை அவள் இரண்டு மாதம் முன்பு துரைமார் கிளப்பில் பார்த்திருந்தாள். துரை வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போனவள், கதவோரமாக நின்று முழுக்கப் பார்த்துவிட்டாள். மூணாறு கான்வென்டில் பத்தாவது வரை படித்தவள். இங்கிலீஷ் பாதி புரியும், மீதியை முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். எஸ்டேட்டில் இங்கிலீஷ் படம் ஓடினால் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் கதை சொல்வது அவள் வேலை. அவள் வாயில் தொப்பிக்காரன் ஜோ யோசேப்பு ஆவான், அவன் பெண்டாட்டி மேரி மரியாள் ஆவாள்.

கிளப்பில் அன்று அவளைப் பயமுறுத்தியது துப்பாக்கிச் சத்தம் அல்ல. தொப்பிக்காரன் முதலில் ஏழையாக இருந்தான். ஒரு திருட்டுக்குப் பிறகு புதுச் சட்டை போட்டான். அடுத்ததற்குப் பிறகு தங்கக் கடிகாரம். அதற்கடுத்து பளபளக்கும் பூட்ஸ். அந்தப் பூட்ஸ் வந்த கொஞ்ச நேரத்தில் ரயில் நிலையத்து வாசலில் சுடப்பட்டு விழுந்தான்.

அவள் புருஷன் சுவக்கீன் வாளையார் பக்கம் லாரி ஓட்டப் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. செங்கல் ஏற்றுவதாக ஊருக்குச் சொல்லியிருந்தான். செங்கல்லுக்கு அடியில் அரிசி மூட்டை இருப்பது அவளுக்குத் தெரியும். தமிழ்நாட்டு அரிசி எல்லை தாண்டக் கூடாது என்று தடை போட்டிருந்த காலம் அது, எழுபத்து நாலாம் வருஷம். முதல் தடவை லீவில் வந்தபோது டெரிலின் சட்டை போட்டு வந்தான். இரண்டாம் தடவை கைக்கடிகாரம். இந்தத் தடவை மாதா திருவிழாவுக்கு வந்து இறங்கியபோது அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள். கறுப்பும் வெள்ளையுமாக இரட்டை நிற ஷூ.

அவன் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்ப வேண்டும். லாரி போடியில் ஒரு ஷெட்டில் நின்றது, சாவி அவன் சட்டைப் பையில். “போகாதீங்க” என்று சொன்னால் சிரிப்பான். அதனால்தான் படம். கடைசியில் அந்த ரயில் நிலையத்தை அவன் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏலக்காயை அடுப்பில் உலர்த்தும் ஸ்டோரில் கூட்டம் கூடியது. ஜன்னல்களில் சாக்கு கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். சுவக்கீன் பின்னால் மூட்டைமேல் ஷூ தெரிய உட்கார்ந்திருந்தான். விளக்கு அணைந்தது, மெஷின் கடகடத்தது.

திரையில் ரயில் நிலையம் வந்தது. தொப்பிக்காரன் ஓடிவந்தான், சுடப்பட்டான், விழுந்தான்.

“ஏண்டி கத்தரி, படம் போட்டு மூச்சு விடல, அதுக்குள்ள ஆளு செத்துட்டானே!” என்றாள் முன்வரிசையில் செபமாலையம்மாள். ஸ்டோரே சிரித்தது.

கத்தரீனாள் மெஷினை நோக்கி ஓடினாள். வீரபாண்டி தலையைச் சொறிந்தான்.

“மூணு டப்பாம்மா. வர்ற வழியில மழை. ஒட்டியிருந்த நம்பரெல்லாம் கரைஞ்சு போச்சு. கடைசி டப்பாவ முதல்ல போட்டுட்டேன் போலருக்கு.”

“நிறுத்திட்டு முதல்லருந்து போடுங்கண்ணே!”

“திருப்பிச் சுத்த அரை மணி நேரமாகும். ஜெனரேட்டர்ல அவ்வளவு டீசல் இல்ல. இனி எந்த டப்பா வருதோ, நீதான் எதையாச்சும் சொல்லிச் சமாளிக்கணும்.”

திரும்பி வரும்போது சுவக்கீன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். “இதுக்குத்தான் என்னைய இழுத்துட்டு வந்தியா புள்ள? ரவுடின்னா கடைசியில சாகத்தான் செய்வான். இல்லாட்டி படத்த முடிக்க விடுவாங்களா?” அவன் சிரித்தான். அவள் கையை விடுவித்துக்கொண்டு திரைப் பக்கம் நடந்தாள். சேர்த்து வைத்திருந்த ஒரே குண்டு, அதுவும் வெடித்துத் தீர்ந்துவிட்டது.

அடுத்த டப்பா ஓட ஆரம்பித்தது. செத்தவன் காரில் வந்து இறங்கினான். “ஆத்தி, பேயா?” என்றது ஒரு குரல்.

“பேயில்ல அத்தை,” என்றாள் கத்தரீனாள். “சாகப் போறவனுக்குக் கடைசி மூச்சுல பழசெல்லாம் ஞாபகம் வரும்ல? அதான் ஓடுது.”

கூட்டம் ஏற்றுக்கொண்டது. கிளப்பில் பார்த்தபோது அவள் கண் முழுக்கத் தொப்பிக்காரன்மேலேயே இருந்தது. இன்றைக்கு, முடிவு தெரிந்துவிட்ட பிறகு, மரியாள் கண்ணில் பட்டாள். மேஜையில் சாப்பாட்டை வைத்துவிட்டு ஜன்னலில் நிற்கும் மரியாள். படத்தில் அவளுக்கு இரண்டே வரி வசனம். கத்தரீனாள் அதோடு நிறுத்தவில்லை.

“வளைவுல வண்டிச் சத்தம் கேட்டா இவ எந்திரிச்சுருவா. பொழுதன்னைக்கும் எத்தனை வண்டி போகுது! ஒவ்வொண்ணுக்கும் எந்திரிப்பா. பண்டம் வாங்கிட்டு வருவான், சேலை வாங்கிட்டு வருவான். ஒரு நா தங்குவான். மறுநா போயிருவான். இவ கேக்குறது சேலை இல்ல. ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போறப்ப பக்கத்துல நடந்து வரணும். மழை பேஞ்சா இவ முக்காட்டை அவன் பிடிக்கணும். அவ்வளவுதான்.”

“ஏண்டி,” என்றாள் செபமாலையம்மாள் மெதுவாக, “இம்புட்டையும் இங்கிலீசுலயா சொல்றா அவ?”

“ஆமா அத்தை. சொல்றா.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

மூன்றாவதாக முதல் டப்பா ஓடியது. திரையில் எழுத்துகள் வந்தன. இவன் போன வழியில் யாரும் போகாதிருக்கவே இந்தப் படம் என்று இருந்தது. அதைக் கத்தரீனாள் வாசிக்கவில்லை.

ஓர் அறை மட்டுமே உள்ள வீடு. சட்டை கிழிந்த, இருபது வயது யோசேப்பு. ஒரே தட்டில் நாலு உருளைக்கிழங்கு. பெரியதை அவள் பக்கம் தள்ளுகிறான், அவள் அவன் பக்கம் தள்ளுகிறாள், இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். சொல்ல அதில் ஒன்றுமில்லை.  எஸ்டேட் குடியிருப்பான லயத்தில் அவர்களுக்கு வீடு ஒதுக்கிய முதல் மாதத்தில் இரண்டாவது தட்டு இல்லாமல் சாப்பிட்டது அவளுக்கு ஞாபகம் வந்தது.

தெருவிலிருந்து விசில் சத்தம். கூட்டாளி கூப்பிடுகிறான். யோசேப்பு எழுந்து ஆணியில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்தான். ஜன்னலோரம் போய் நின்றான். கீழே பார்த்தான், திரும்பித் தட்டைப் பார்த்தான்.

அத்தோடு சுருள் தீர்ந்தது. வேட்டித் திரையில் வெறும் வெளிச்சம் ஆடியது.

“போனானா?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சுவக்கீனின் குரல்.

எல்லோரும் கத்தரீனாளைப் பார்த்தார்கள். போனான், அதனால்தான் செத்தான் என்று சொல்லலாம். போகவில்லை என்று பொய்யும் சொல்லலாம்.

“எனக்குத் தெரியல,” என்றாள் அவள். “அவனத்தான் கேக்கணும்.”

வெளியே மூடுபனி இறங்கியிருந்தது. இரண்டு பேரும் லயத்துக்கு நடந்தார்கள். பாதி வழியில் சுவக்கீன் நின்றான். “நீ போயிக்கிட்டு இரு” என்றுவிட்டு வந்த வழியே வேகமாக நடந்தான். ஸ்டோர் வாசலில் வீரபாண்டியின் ஜீப் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது.

காலைப் பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்க முடியவில்லையா அவனுக்கு? அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டினாள். கிழங்கு நறுக்கிய விரல்கள் தம் பாட்டுக்கு நறுக்கின. காது மட்டும் வெளியே இருந்தது. ஜீப் நகர்ந்தது, இறங்கியது, பூப்பாறைப் பாதையில் வளைவு வளைவாகத் தேய்ந்துபோனது.

வாசலில் நிழல் விழுந்தது. ஷூக்கள் இரண்டையும் ஒரு கையில் தூக்கிக்கொண்டு, முழங்கால் வரை சேறோடு சுவக்கீன் நின்றான்.

“சாவிய வீரபாண்டிட்டக் குடுத்துவிட்டேன். ஷெட்டுல எங்கூட ஓட்டுற மாரப்பன் இருப்பான். லாரிய அவன் கொண்டு போயிக்கிருவான்.”

“அங்க ஏசுவாகளே.”

“ஏசட்டும்.” அவன் கை பழக்கத்தில் சட்டைப் பையைத் தடவிவிட்டு இறங்கியது. “ஸ்டோர்ல அடுப்புக்கு ஆள் எடுக்குறாகளாமே?”

ஒன்றரை வருஷமாக அவனிடம் சொல்ல எத்தனையோ சேர்த்து வைத்திருந்தாள். 

“காலைக் கழுவிட்டு வாங்க,” என்றாள்.

“அந்தப் புள்ள அவனுக்கு என்ன வச்சுச்சு, உருளைக்கிழங்கா?”

“இங்க மரவள்ளிதான்.”

பின்பக்கம் அவன் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. ஜீப் எப்போதோ மலையிறங்கிப் போய்விட்டது. இருந்தும் கிழங்கை இறக்கி வைக்கும்வரை கத்தரீனாளின் காது அந்த வளைவிலேயேதான் இருந்தது.